காலி பஸ் பற்றி நாங்கள் சொன்னது

எங்கள் பாட்காஸ்ட் பதிவாவது அரிசி மூட்டைகளுக்கு நடுவில். பீடோங் கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் மாடியில் நான் கணக்கு டியூஷன் நடத்துகிறேன். கீழே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. முதல் தடவை மாடியில் உட்கார்ந்து பதிந்துவிட்டுப் போட்டுக் கேட்டால், கிணற்றில் விழுந்த இரண்டு பேர் ஆள் கூப்பிடுவது போல் இருந்தது. கடைக்கார அண்ணன்தான் தன் சாமான் அறையைக் காட்டினார். மூன்று பக்கமும் அரிசி மூட்டை, ஒரு பக்கம் வெங்காயம். எதிரொலி என்ற பேச்சுக்கே இடமில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். முதல் பத்து நிமிடம் வெங்காய வாடையில் கண் கரிக்கும். பேச்சு சூடு பிடித்துவிட்டால் அதுவும் மறந்துபோகும்.

அண்ணனும் நானும் கூட்டுச் சேர்ந்ததே தற்செயல்தான். மூன்று வருடம் மேலும் கீழுமாக இருந்தும், தே தாரே டீ ஒன்று என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. ஒரு நாள் கல்லாவில் ஆள் இல்லை என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அண்ணன் மீன் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மசாலா டப்பா மேல் சாய்த்து வைத்த போனில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் இடம் கிடக்க, ஒரே மாதிரிக் கடைகள் ஏன் பக்கத்துப் பக்கத்திலேயே திறக்கப்படுகின்றன என்று விளக்கிக்கொண்டிருந்தார். அன்று காலை பாத்திரம் கழுவும்போது என் காதில் ஓடியதும் அதே குரல், அதே அத்தியாயம். எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்தப் பைத்தியம் பிடித்தது இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் அவர் சொல்வது தப்பு அண்ணே என்றேன். அண்ணன் கரண்டியை வைத்துவிட்டு, அதெப்படித் தப்பு என்று சண்டைக்கு வந்தார். அன்று என் டியூஷன் இருபது நிமிடம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது.

அந்தச் சண்டையைத் தமிழில் நாலு பேர் கேட்கும்படி போட்டால் என்ன என்று தோன்றியது. போட்டோம். பத்து மணி என்று பத்திரிகையில் அச்சடித்த கல்யாணத்துக்கு எல்லோரும் ஏன் பதினொன்றுக்கு வருகிறார்கள் என்பது முதல் அத்தியாயம். எல்லோரும் பிந்தி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் முந்தி வருபவன்தான் முட்டாள் என்றார் அண்ணன். அப்படியானால் ஒன்பது மணி என்று அச்சடித்தால் போதாதா என்றேன். அப்போது பத்தரைக்கு வருவார்கள் டீச்சர் என்று சிரித்தார். சர்க்கரை, பெட்ரோல், பள்ளிக்கூடக் கட்டணம், கூட்டம் இருக்கும் சாலையோர ஒட்டுக்கடையிலேயே மேலும் கூட்டம் சேர்வது என்று வாரத்துக்கு ஒன்றாகப் போனது. கோலா கெத்திலில் ஒரு லாரி ஓட்டுநர் கேட்கிறார், மெர்போக்கில் ரப்பர் பால் வெட்டும் ஒரு தம்பதி ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள் என்று சேதி வரும்போதெல்லாம் நான் தரையில் நிற்க மாட்டேன்.

ஓர் அத்தியாயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் மக்கள் ஏன் உண்மையைச் சொல்வதில்லை என்பது அதன் பொருள். நான் புத்தகத்தில் படித்ததை அளந்துகொண்டிருந்தேன். அண்ணன் குறுக்கே புகுந்து தன் கடைக் கதையைச் சொன்னார். மனைவியோடு வருகிற ஆண்கள் எல்லோரும் 'கூராங் மானிஸ்', சீனி குறைச்சல் என்பார்கள். அதே ஆள் தனியாக வந்தால் வாயைத் திறக்காமல் வழக்கமான தே தாரேயைக் குடித்துவிட்டுப் போவார். ஆகவே என்ன கேட்கிறோம் என்பதைவிட, கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று முடித்தார். நான் கை தட்டினேன். அந்தத் தட்டல் பதிவிலும் இருக்கிறது. இப்போது கேட்டால் என் கன்னத்தில் விழுந்தது போல் இருக்கிறது.

ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் கழித்து நாங்கள் பஸ் அத்தியாயம் செய்தோம்.

என் அக்கா வாக்கப்பட்டிருக்கும் ரப்பர் தோட்டத்திலிருந்து பீடோங் வழியாகச் சுங்கை பட்டாணிக்கு ஒரு பஸ் ஓடுகிறது. காலை பதினொரு மணிக்கு என் ஜன்னலைத் தாண்டும். உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு தலை, மிஞ்சினால் மூன்று. அதற்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. போக்குவரத்து மானியம் பற்றி யாரோ பேசியதைக் கேட்டிருந்த சூட்டில் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. காற்றை ஏற்றிக்கொண்டு போவதற்கா மக்கள் பணம்? அண்ணனுக்கும் பொருள் பிடித்துப்போனது. ஆனால் நம் இரண்டு பேர் குரல் போதாது, தோட்டத்து மக்கள் குரலும் வேண்டும் என்றார். எங்கே போய்ப் பிடிப்பது? தோட்டத்துக் கோயில் திருவிழா பக்கத்தில் வந்தது. அன்னதான வரிசையில் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், மைக்கை நீட்டினால் ஆயிற்று. இதைவிட நல்ல இடம் அமையுமா என்று நான்தான் சொன்னேன்.

அண்ணனுக்கு அந்தக் கோயிலில் வருடா வருடம் சிராப் தண்ணீர் உபயம். வாசலுக்கு வெளியே மேசை போட்டு அவர் ரோஸ் நிறத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்க, நான் பட்டுச் சேலையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு வரிசை நெடுகப் போனேன். உங்களுக்கு இந்த பஸ் தேவைதானா? கேட்டது இந்த ஒரே கேள்வி. பதில்கள் பட்டாசு மாதிரி வந்தன. வீட்டில் கார் இருக்கிறது. மகன் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். பஸ்ஸில் யார் போகிறார்கள், பங்களாதேஷ்காரர்கள் போவார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நான் ஜன்னலில் பார்த்ததை ஊரே ஒப்புக்கொள்கிறதே!

அக்காவும் வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால், அவள் மகளைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்த வீட்டு அம்மாள் நின்றிருந்தார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல், மைக்கையும் பார்க்காமல், என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துச் சொன்னாள்.

“எங்களுக்கு எதுக்குலா பஸ்சு? வாசல்ல கார் நிக்குது.”

குரல் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. அத்தியாயத்தின் முதல் குரலாக அதைத்தான் வைத்தேன். என் அக்கா என்ற பெருமை வேறு.

அந்த அத்தியாயம் எங்களுடைய மற்ற எல்லாவற்றையும் தாண்டிக் காட்டுத்தீயாகப் பரவியது. வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றி, கடைசியில் என் கணவருடைய அலுவலகக் குழுவிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. அண்ணன் கடைக்கு வந்தவர்கள் 'காலி பஸ் அண்ணன் நீங்கதானா' என்று கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் தலைகால் தெரியாமல் திரிந்தோம்.

பிறகு தோட்டத்து பஸ் நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பதாக ஒருவர் படம் அனுப்பினார். இந்தத் தடத்தை நிறுத்துவது பற்றி யோசிக்கப்படுகிறது, மக்கள் கருத்தைக் கேட்கத் தோட்டத்துப் பொது மண்டபமான டேவானில் கூட்டம் என்று தேதி போட்டிருந்தது. பஸ் கம்பெனிக்கு அந்த எண்ணம் முன்பே இருந்திருக்கிறது. இப்போது தோட்டத்து ஜனங்களே வேண்டாம் என்கிறார்கள் என்று காட்டுவதற்கு எங்கள் அத்தியாயம் கிடைத்துவிட்டது. நாம் பேசியது கொள்கையாக மாறுகிறது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணன் மட்டும் துடைத்த தட்டுகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு குரல் செய்தி வந்தது. யாரென்று தெரியாத ஒரு பெண். கோபமாகக்கூடப் பேசவில்லை. நீங்கள் அந்த பஸ்ஸில் ஒரு நாளாவது ஏறியிருக்கிறீர்களா டீச்சர் என்று கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார். அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் நீங்க ஏறியிருக்கீங்களா என்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எட்டு மாதமாகப் புள்ளிவிவரம் பேசுகிற இரண்டு பேரில் ஒருவர்கூட ஏறியதில்லை.

எங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான்; ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், பள்ளிக்கூட நாள். அன்று விடிவதற்கு முன் என் கணவர் என்னைத் தோட்டத்தின் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனார். வழக்கமாக அந்த நேரத்தில் எனக்குப் பாதி ராத்திரி. டியூஷன் மத்தியானத்துக்கு மேல்தான், எழுந்து குளித்து மாடிக்கு வந்து ஜன்னலைத் திறப்பதற்கே பத்தரை ஆகிவிடும். பஸ் வந்தது. முன்னாலேயே ஆறேழு பேர் காத்திருந்தார்கள். நான் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். இரண்டாவது நிறுத்தத்தில் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். கிளினிக் அட்டையைப் பையில் செருகிக்கொண்டு ஒரு தம்பதி. தொழிற்சாலைச் சட்டை போட்ட பெண்கள். என் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. வெட்கமும் குதூகலமும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் முழுக்கத் தப்பு, ஆனால் எவ்வளவு சுவாரசியமான தப்பு! பதினொரு மணி பஸ்ஸைப் பார்த்துவிட்டு நாள் முழுவதையும் எடை போட்டிருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு வந்து அண்ணன் கடையில் சோறு தின்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு, இந்தக் கடைக்கு ஆளே வருவதில்லை என்று சொல்வது போலத்தான்.

நான்காவது நிறுத்தத்தில் என் அக்கா ஏறினாள்.

தோளில் துணிப்பை, கையில் சாப்பாட்டுக் கேரியர். ஓட்டுநரான மலாய்க்காரப் பெரியவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் முன்னாலிருந்து பின்னால் வரை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் என் முகத்தில் வந்து பார்வை நின்றது. உதடும் நின்றது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேரியரை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சுங்கை பட்டாணியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மாமா, அவள் வீட்டுக்காரர், தினமும் காரில் கொண்டுபோய் விடுகிறார் என்றும் எனக்குத் 'தெரியும்'. என் வீட்டுக்கு வரும்போதுகூட, மாமாவுக்கு அவசரம், சந்து முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார் என்பாள். நானும் எத்தனையோ தடவை மாமாவைத் திட்டியிருக்கிறேன், உள்ளே வந்து ஒரு தண்ணி குடித்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று.

“கார் ரோசாக் ஆயி, ஓடாம நின்னு ரெண்டு தீபாவளி ஆச்சு” என்றாள் அக்கா. “வாசல்லதான் நிக்குது. நான் பொய் சொல்லல.”

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீ மைக்க நீட்டிக்கிட்டு நிக்கிற. பின்னாடி சம்பந்தியம்மா நிக்கிறாங்க. வரிசையே காத தீட்டிக்கிட்டு நிக்குது. அங்க வெச்சு நான் என்னன்னுடி சொல்வேன்?”

கூராங் மானிஸ். அண்ணன் சொன்னதும் நான் கை தட்டியதும் அப்படியே மண்டைக்குள் ஓடியது. அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் பின்னால் யாரோ ஒருவர் நின்றிருந்தார். சிரித்துப் பதில் சொன்ன பெண்களில் மூன்று பேரை அந்த பஸ்ஸிலேயே பார்த்தேன். ஒருத்தி என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். வேலையை விட வேண்டியதுதான் என்றாள். வாடகைக் காருக்குக் கொடுத்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? மகள் கல்யாணம் வரை மட்டுமாவது தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தாளாம். பிறகு, ஏறும்போது உதட்டில் என்ன முணுமுணுத்தாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

“தினமும் ஏறுனதும் எத்தன பேருன்னு எண்ணுவேன். பத்துக்குக் கீழ போனா பயமா இருக்கும், இனிமே விட மாட்டாங்களோன்னு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் அவளுக்கு. அவளுடைய கணக்கு நோட்டை எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்துத்தான் நான் கணக்கு டீச்சர் ஆனேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இரண்டு வருடமாக அந்தத் தடத்தின் ஒரே ஒழுங்கான புள்ளிவிவரம் அவள் தலைக்குள் இருந்திருக்கிறது. நான் அவள் வாயில் மைக்கை வைத்து, அதற்கு நேர் எதிரானதைப் பிடுங்கி ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

பீடோங்கில் இறங்கியதும் நேரே அண்ணன் கடைக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. காலை ரொட்டி சானாய் கூட்டம் முடிந்ததும் அவரை மூட்டை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய் அப்படியே பதிந்தோம். நாங்கள் தப்பாகச் சொன்னோம், எப்படித் தப்பு செய்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம் என்று ஆரம்பித்தேன். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய குரலைப் பழைய அத்தியாயத்திலிருந்து எடுத்தும் விட்டேன். அண்ணன் தன் சீனிக் கதையை மறுபடி சொல்லி, இவ்வளவு தெரிந்த நான் அங்கே சிராப் ஊற்றிக்கொண்டு நின்றேனே என்று தன்னையே வைது தீர்த்தார். எங்களுடைய மிகச் சிறந்த அத்தியாயம் அதுதான் என்று இன்றும் அடித்துச் சொல்வேன். ஆனால் காலி பஸ்ஸைக் கேட்டவர்களில் பாதிப் பேர்கூட அதைக் கேட்கவில்லை.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. டேவான் நிரம்பியிருந்தது. நல்ல சேலை, நல்ல சட்டை, கோயிலுக்கு வந்தது போலவே. சம்பந்தியம்மாளும் மகனோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனும் நானும் மேடைக்குப் பக்கத்தில், குற்றவாளிகள் போல. போக்குவரத்து விஷயம் பார்க்கிற இளம் அதிகாரி ஒருவர் மடிக்கணினியோடு வந்திருந்தார். மரியாதையான பையன். என்னுடைய இரண்டாவது அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னேன், பஸ்ஸில் எடுத்த குறிப்பைக் கொடுத்தேன். அது ஒரே நாள் கணக்குதானே டீச்சர் என்று மலாயில் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். பிறகு அவர் எழுந்து நின்று, இந்த பஸ்ஸில் வழக்கமாகப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

அதே தப்பு. அதே ஜனம், அதே சேலை, அதே சம்பந்தி. இப்படிக் கேட்காதீர்கள் என்று எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. ஒரு கையும் எழவில்லை. பஸ்ஸில் பார்த்த கிளினிக் தம்பதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி மடிக்கணினியில் ஏதோ தட்டப் போனார்.

அக்கா எழுந்தாள். மாமா அவள் சேலையைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தேன். அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி.

“நான் இந்த பஸ்லதான் போறேன். தினமும். எங்க வீட்டுக் காரு ஓடாது.”

இரண்டாவது வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிளினிக் அம்மாள் கையைத் தூக்கினார். பிறகு அவர் வீட்டுக்காரர். தொழிற்சாலைப் பெண்கள் நாலு பேர் ஒன்றாக. பின் வரிசை, நடு வரிசை, கதவருகே நின்றவர்கள். மாமாவின் கைகூட மெல்ல மேலே போனது. நான் அண்ணனின் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பிற்பாடு அவர்தான் சொன்னார், வலித்ததாம்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, எத்தனை பேர் டீச்சர் என்று கேட்டார். நான் எண்ணவே இல்லை. எட்டு மாதமாக எண்ணுங்கள் எண்ணுங்கள் என்று ஊருக்கு ஓதிய நான், கண்ணீர் மறைக்க, வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தேன்.

“முப்பத்தி நாலு” என்றாள் அக்கா, நின்ற இடத்திலிருந்தே. “ஸ்கூல் பிள்ளைங்க வரல. அவங்களையும் சேர்த்துக்கணும்.”

பஸ்ஸை நிறுத்தவில்லை. ஒரு வருடத்துக்குப் பார்ப்போம், அதற்குள் ஒழுங்காகக் கணக்கெடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூட்டம் கலையும்போது சம்பந்தியம்மாள் அக்காவிடம் வந்தார். அவர் கேட்டதெல்லாம், சுங்கை பட்டாணியில் எந்தக் கடை, கல்யாணத்துக்கு ஏழெட்டு ரவிக்கை தைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான்.

இப்போது விடியும் நேரத்தில் என் போன் ஒரு தடவை சிணுங்கும். அக்காவின் குரல் செய்தி, இரண்டு நொடி. பின்னணியில் பஸ்ஸின் உறுமல், அதற்கு மேல் ஓர் எண். வணக்கமும் கிடையாது, விசாரிப்பும் கிடையாது. பாதித் தூக்கத்தில் அதை நோட்டில் குறித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். எங்கள் பாட்காஸ்டுக்கு வருகிற புள்ளிவிவரங்களில் நான் சரிபார்க்காமல் நம்புவது அது ஒன்றைத்தான்.